நடை சாத்தும் நேரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரே நாளில் மதுரையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று போன மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் வந்திருந்தது. நான் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில் 26 வருடமாக ரிசப்ஷனில் இருக்கிறேன். ஊர் பார்க்க வருகிறவர்கள் சாவியை வாங்கும்போது என்ன கேட்கிறார்கள், சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன முகத்தோடு போகிறார்கள் என்று தினமும் பார்க்கிறவன். அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலில் காலை எட்டு மணிக்கு அழகர்கோவில், பதினோரு மணிக்கு நாயக்கர் மகால், பன்னிரண்டரைக்கு மீனாட்சியம்மன் கோயில் என்று போட்டிருந்தீர்கள். பன்னிரண்டரை மணி என்பது நடை சாத்துகிற நேரம். மறுபடி திறப்பது சாயங்காலம் நான்கு மணிக்கு. மதுரைக்காரர் யாரும் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். வெளியூர்க்காரர்களோ பத்திரிகையில் வந்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள்.

அப்படி நம்பி வந்தவர்கள்தான் அந்த வயதான தம்பதி. அரூர் பக்கத்துக் கிராமம். பெரியவர் சட்டைப் பையில் உங்கள் பக்கத்தை நாலாக மடித்து வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் கோபுரப் படம் வெளிறிப் போயிருந்தது. விடியற்காலை வந்து இறங்கியவர்கள், குளித்துவிட்டுப் பட்டியல்படியே கிளம்பினார்கள். அந்த நேரத்தில் நான் டூட்டியில் இல்லை. இருந்திருந்தால் “ஐயா, முதலில் அம்மாளைப் பார்த்துட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பியிருப்பேன். மத்தியானம் ஒரு மணிக்கு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்கள். அந்த அம்மா சோபாவில் உட்கார்ந்து, சித்திரை வீதிக் கல்லில் செருப்பில்லாமல் நடந்த காலைத் தேய்த்துக்கொண்டே, “தம்பி, நடை சாத்திட்டாங்களாம்ப்பா” என்றார். அவர்களுக்கு ஊருக்கு பஸ் மூன்றரைக்கு மாட்டுத்தாவணியில். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஒரு நாள் தங்கிப் போங்களேன் என்றேன். வீட்டில் மாடு இருக்கிறது, பார்க்க ஆளில்லை என்றார் பெரியவர். போகிற வழியில் மேலக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மதுரையில் ஒரே ஒரு நாள் இருப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: இந்த ஊரின் நேரம் விடிகாலையும் இரவும். நடுப்பகலை ஓய்வுக்கு விட்டுவிடுங்கள்.

காலை ஐந்து மணிக்கெல்லாம் கோயில் திறந்துவிடும். லாட்ஜிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். செல்போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. வாசலில் ஒப்படைக்க ஒரு வரிசை, திரும்ப வாங்க இன்னொரு வரிசை. கீழ்ப்புறம் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்து, முதலில் மீனாட்சி, பிறகு சொக்கநாதர். இதுதான் எங்கள் ஊர் முறை. தரிசனம் முடிந்ததும் உடனே வெளியே ஓடாதீர்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் அரை மணி நேரம் உட்காருங்கள். தெற்குக் கோபுரம்தான் நான்கிலும் உயரம். அதன் மேல் முதல் வெயில் விழுந்து, சிலைகள் ஒவ்வொன்றாகத் துலங்குவதைப் பார்க்க அந்தப் படியைவிட நல்ல இடம் கிடையாது. ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தனி டிக்கெட். பேர்தான் ஆயிரம், தூண்கள் 985.

வெளியே வந்து மேல மாசி வீதியில் நடந்தால் ஒரு கதர்க் கடை வரும். நான் சொல்லி அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வீட்டின் கதை தெரியாது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு, முழங்காலளவு வேட்டியோடு வெளியே வந்தது அந்த வீட்டிலிருந்துதான். அந்த மாடியில் நின்றுவிட்டு, தமுக்கத்தில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனை அது. 1959-ல் நேரு வந்து திறந்து வைத்தார். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அரை வேட்டி உடுத்த முடிவெடுத்த ஊரிலேயே அவருடைய கடைசி உடையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்த ஒரு கல்லூரிப் பையன் என் மேஜைக்கு முன்னால் பேச்சு வராமல் நின்றான். உங்கள் பட்டியலில் அருங்காட்சியகம் இருந்தது, மேல மாசி வீதி வீடு இல்லை.

மகாலைப் பற்றி ஒரு வார்த்தை. 1636-ல் திருமலை நாயக்கர் கட்டியதில் இன்று நிற்பது கால் பங்குதான் என்பார்கள். மிச்சம் என்னவாயிற்று என்று கேட்பவர்களை விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்துக்கு அனுப்புவேன். ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் நெடுநெடுவென்று பத்துக் கல்தூண்கள், மேலே கூரை இல்லாமல் நிற்கும். அடியில் துணி மூட்டை கிடக்கும், சைக்கிள் சாய்ந்திருக்கும். பக்கத்தில் போய் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளியே வெயில் கொளுத்தும்போதுகூட நிழல் பக்கம் கல் சில்லென்று இருக்கும்.

அங்கேயே சுற்றுவட்டாரத்தில் சுங்குடி கிடைக்கும். புவிசார் குறியீடு வாங்கிய சேலை. ஆனால் அச்சடித்த புள்ளியைச் சுங்குடி என்று விற்பவர்களும் உண்டு. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கியதில் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. விரலால் தடவினால் முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கிப் புடைத்திருக்கும். என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் இந்த முடிச்சு வேலை பார்த்தவள். அவள் சொல்லிக் கொடுத்த அடையாளம் இது. ஏமாற வேண்டாம்.

மத்தியானம் அறைக்கு வந்து தூங்குங்கள். ஐந்து மணிக்கு மேல் வண்டியூர் தெப்பக்குளம். முன்பெல்லாம் தைத் தெப்பம் முடிந்தால் வறண்டு கிடக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வைகைத் தண்ணீர் விட ஆரம்பித்த பிறகு இப்போது சாயங்காலக் காற்றுக்கு ஊரே சுற்றுச்சுவரில் வந்து உட்காருகிறது. திரும்பும்போது விளக்குத்தூணில் இறங்கி ஒரு ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். குளிர் ஆகாதவர்களுக்குத் தள்ளுவண்டியில் சூடாகப் பருத்திப்பால். ராத்திரிக்குக் கறிதோசை: அடியில் மாவு, அதன் மேல் முட்டை, அதற்கும் மேல் கொத்துக்கறி. சைவம் என்றால் எந்தத் தெருவிலும் ஆவி பறக்க இட்லியும் நாலு சட்னியும் கிடைக்கும். கோயிலுக்கு மறுபடி போகிற எண்ணம் இருந்தால் கறிதோசையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி போகத்தான் வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் நடக்கும் பள்ளியறை பூஜைக்கு. சொக்கநாதரின் திருவடியைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து மீனாட்சியின் பள்ளியறைக்கு எடுத்துப் போவார்கள். நாதஸ்வரமும் தவிலும் கல்மண்டபத்துக்குள் எதிரொலிக்கும். பகல் கூட்டம் போய்விட்டிருக்கும். பல்லக்கு நம்மைக் கடக்கும்போது பூவாசமும் சாம்பிராணி வாசமும் முகத்தில் வந்து மோதும். கூட நடந்து போகலாம், யாரும் தடுப்பதில்லை. எத்தனையோ ராத்திரி டூட்டி முடிந்து நேரே அங்கே போயிருக்கிறேன். தினமும் நடப்பதுதான், ஆனாலும் கண் கலங்காமல் நான் திரும்பியதில்லை. உங்கள் பட்டியல் இரவு எட்டு மணிக்கு ‘ஊர் திரும்புதல்’ என்று முடிகிறது.

கீழடியையும் அதே நாளில் திணித்திருந்தீர்கள். 12 கிலோமீட்டர்தான், சிலைமான் தாண்டி. ஆனால் ‘ஆதன்’ என்று தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் யாரோ கீறிய பானைச் சில்லை ஓடிக்கொண்டே பார்க்க முடியாது. இரண்டாம் நாள் இருப்பவர்கள் மட்டும், ஒரு முழுக் காலைப் பொழுதை வைத்துக்கொண்டு போகட்டும்.

ஆசிரியர் அவர்களே, இடங்களைக் குறையுங்கள் என்று உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்த ஊரைப் பற்றி எழுதினாலும், கோயில் என்றால் நடை சாத்தும் நேரம், அருங்காட்சியகம் என்றால் வார விடுமுறையும் மதிய இடைவேளையும் அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். மதுரை என்றால் என்னையே கூப்பிடலாம். எந்த நேரமானாலும் சொல்கிறேன்.

அந்தப் பெரியவர் பட்டியலை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். பதிவேட்டில் அவர் எழுதிய முகவரி இருக்கிறது. சித்திரைத் திருவிழா கூட்டம் குறைந்த பிறகு வரச் சொல்லி, நேரங்களைக் குறித்து ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அறை வாடகை வேண்டாம் என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
லாட்ஜ் ஊழியர் ஒருவர்,
மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி,
மதுரை.