ஜோன் வோல்மர் என்ற பெயரை அச்சிடுங்கள்: ஓர் இசை இதழின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸுக்கும் ராக் இசைக்கும் உள்ள உறவு பற்றி உங்கள் இதழில் வந்த அட்டைக் கட்டுரையை முன்னிட்டே இதை எழுதுகிறேன். முழுப்பக்கப் படத்தில் தொப்பி, கோட்டு, டை, கையில் துப்பாக்கி. அதன் கீழே அவருடைய எழுத்தைத் தோட்டாவோடு ஒப்பிட்டு ஒரு வீர வசனம். கட்டுரைக்குள் தேடினால், மெக்சிகோவில் நடந்த ஒரு விபத்தில் மனைவியை இழந்தார் என்று ஒரே ஒரு வாக்கியம்.

அந்த மனைவி யார், துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதெல்லாம் கட்டுரையில் எங்கும் இல்லை. மின்னஞ்சலில் கேட்டேன். இது இசைக் கட்டுரை, குடும்ப விஷயங்களுக்குள் போவதில்லை என்று பதில் வந்தது. குடும்ப விஷயமாம். அந்தப் பதிலைப் படித்த பிறகுதான் இதைப் பொதுவில் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அவர் பெயர் ஜோன் வோல்மர். அவரைச் சுட்டவர் பர்ரோஸ். இந்த இரண்டையும் அடுத்த இதழில் அச்சிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

கட்டுரையைக் குறை சொல்வதற்காகவே படித்தவன் இல்லை நான். இசை பற்றிய பகுதி நன்றாகவே வந்திருக்கிறது. 1959இல் பாரிஸின் மலிவு விடுதி ஒன்றில் ஓவியர் பிரயன் கைசின் தற்செயலாக நாளிதழ் தாள்களை வெட்டப்போய், அந்தத் துண்டுகள் சேர்ந்து விசித்திரமான வாக்கியங்களாக நின்றது. பர்ரோஸ் அதையே ஒரு நாவல் முறையாக வளர்த்தது. 1974இல் பாடகர் டேவிட் போவி கத்தரிக்கோலும் காகிதமுமாக உட்கார்ந்து தன் பாடல் வரிகளை வெட்டி ஒட்டியது என்று சங்கிலி அறுபடாமல் சொல்லியிருந்தீர்கள். சாஃப்ட் மெஷின் இசைக் குழுவுக்கு பர்ரோஸின் நாவலிலிருந்து பெயர் வந்ததும், 1967 பீட்டில்ஸ் இசைத்தட்டின் அட்டைக் கூட்டத்தில் அவர் முகமும் இருப்பதும், லெட் செப்பலின் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜை அவர் பேட்டி கண்டதும் உண்டு. ஆனால் காகிதத்தை வெட்டிய கைசினுக்கு அரைப் பத்தி கிடைத்த இடத்தில், உயிரையே விட்ட பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். ஸ்டீலி டான் இசைக் குழுவின் பெயர் பர்ரோஸின் 'நேக்கட் லஞ்ச்' நாவலில் வரும் ஒரு பொருளுடையது என்று எழுதிவிட்டு, அது என்ன பொருள் என்று சொல்லாமல் நழுவியிருக்கிறீர்கள். புரிகிறது, வீட்டில் எல்லோரும் புரட்டும் பத்திரிகை. அங்கே வந்த கூச்சம் துப்பாக்கிப் படத்துக்கு மட்டும் வரவில்லையே, ஏன்?

1951 செப்டம்பர் 6 இரவு நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. மெக்சிகோ நகரில், ஒரு மதுக்கடைக்கு மேலே இருந்த நண்பரின் வீடு. எல்லோரும் குடித்திருந்தார்கள். வில்லியம் டெல் விளையாட்டு, அதாவது தலையில் வைத்த பொருளைக் குறிபார்த்துச் சுடுவது, விளையாடலாம் என்றார் பர்ரோஸ். ஜோன் தலையில் கண்ணாடிக் குவளையை வைத்துக்கொண்டார். குண்டு அவர் நெற்றியில் பாய்ந்தது. அவருக்கு வயது 28. போலீஸிடம் பர்ரோஸ் முதலில் சொன்னது ஒரு கதை; வழக்கறிஞர் வந்த பிறகு, துப்பாக்கி தவறி வெடித்தது என்று வேறு கதை. அவருடைய அண்ணன் பணத்தோடு வந்தார். 13 நாள் சிறைக்குப் பின் ஜாமீன். வழக்கு முடியுமுன்பே பர்ரோஸ் நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார். அவர் இல்லாமலே தீர்ப்பு வந்தது: இரண்டு ஆண்டுத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. கணக்கு இயந்திரம் கண்டுபிடித்தவரின் பேரனுக்கு ஓர் உயிரின் கணக்கு அவ்வளவு சுலபமாகத் தீர்ந்தது.

குடும்ப விஷயம் என்றீர்களே, சரி, குடும்பத்தையே பேசுவோம். ஜோனுக்கு இரண்டு பிள்ளைகள். முதல் திருமணத்தில் பிறந்த மகள் ஜூலி, ஜோனின் பெற்றோரிடம் போனாள். பர்ரோஸுக்குப் பிறந்த மகன் பில்லிக்கு அப்போது நான்கு வயது. அவன் அப்பாவின் பெற்றோரிடம் அனுப்பப்பட்டு, பிறகு புளோரிடாவில் வளர்ந்தான். அப்பா அந்தக் காலத்தில் டாஞ்சியரிலும் பாரிஸிலும் லண்டனிலுமாக இருந்தார். பில்லியும் எழுத்தாளன் ஆனான். போதைக்கு அடிமையாகி, சிகிச்சைக்குப் போய், அதையெல்லாம் வைத்து 'ஸ்பீட்', 'கென்டக்கி ஹாம்' என்று இரண்டு புத்தகங்கள் எழுதினான். 1976இல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அந்தச் சிகிச்சை புதிதாக இருந்த காலம் அது. அதற்குப் பிறகும் குடியை அவனால் விட முடியவில்லை. 1981இல் இறந்தபோது வயது 33. அப்பா அதன்பிறகு பதினாறு ஆண்டுகள் இருந்தார். கான்சாஸில் பூனைகள் வளர்த்தார், பெயின்ட் டப்பாக்களைத் துப்பாக்கியால் சுட்டு ஓவியம் செய்தார், வந்துபோன ராக் நட்சத்திரங்களோடு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படங்களில் சில உங்கள் கட்டுரையில் இருக்கின்றன. பில்லியின் படம் இல்லை.

ஜோன் வெறும் பர்ரோஸின் மனைவி மட்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். சட்டப்படி அவர்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியில் படித்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய வீட்டில்தான் எழுத்தாளர்கள் கெரவாக், கின்ஸ்பெர்க், பர்ரோஸ் எல்லோரும் கூடி விடிய விடியப் பேசினார்கள். பீட் தலைமுறை என்று நீங்கள் கொண்டாடும் அந்த எழுத்தாளர் வட்டம் உருவான இடங்களில் அந்த வீடும் ஒன்று. அந்தக் கூட்டத்தின் ஆண்கள் எல்லோருக்கும் வாழ்க்கை வரலாறுகள் உண்டு. இசைப் பத்திரிகைகளிலோ அவர்களுடைய தொப்பிக்கும் கோட்டுக்கும்கூடத் தனிக் குறிப்பு உண்டு. வீட்டுக்காரிக்கு மட்டும் பக்கத்தில் இடம் போதவில்லை.

இத்தனைக்கும் பர்ரோஸே இதை மறைக்கவில்லை. 1985இல் வெளிவந்த 'க்வியர்' நாவலின் முன்னுரையில், ஜோனின் சாவு நடந்திராவிட்டால் தான் எழுத்தாளனாகவே ஆகியிருக்க மாட்டேன் என்ற திகிலான முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது என்று எழுதினார். அந்த வாக்குமூலத்தில் எனக்கு உறுத்தல் உண்டு. அங்கேயும் அவளுடைய சாவு அவருடைய கதையின் தொடக்கமாகத்தான் வருகிறது. ஆனாலும் அவர் பெயரைச் சொன்னார், நீங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

பர்ரோஸைப் படிக்காதீர்கள், அட்டையில் போடாதீர்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. நானே அவரைப் படிக்கிறவன், போவியைக் கேட்கிறவன். ஆனால் ராக் இதழியலுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. மேதை செய்த கொடுமையெல்லாம் மேதைமையின் வாசனைத் திரவியமாக மாறிவிடும். போதை ஊசி, சிறை, துப்பாக்கி எல்லாமே அட்டைப்படத்துக்கு ஆகும். செத்தவர்கள் மட்டும் ஆகமாட்டார்கள். இதைப் பல நாட்டு இதழ்களில் பார்த்துச் சலித்துப்போனவன் என்பதால்தான் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். அது உங்கள் ஒருவர் மேல் உள்ள கோபமல்ல, பொறுத்துக்கொள்ளவும்.

இரண்டாம் பகுதியில் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் வருகிறார் என்று அறிவித்திருக்கிறீர்கள். பர்ரோஸின் கதை வாசிப்பும் கோபேனின் கிட்டாரும் தனித்தனியாகப் பதிவாகி ஒரே இசைத்தட்டாக வந்ததையும், 1993இல் இருவரும் கான்சாஸில் சந்தித்ததையும் எழுதுவீர்கள், எழுதத்தான் வேண்டும். ஆறு மாதத்தில் கோபேன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்திலாவது துப்பாக்கியை அலங்காரமாக வைக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பகுதிக்கான திருத்தத்தைக் கடைசிப் பக்கத்தின் மூலையில் போடாமல், இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே போடுங்கள். இடம் இல்லை என்று மறுபடியும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நானே சுருக்கமாக எழுதித் தருகிறேன்: "சென்ற பகுதியில் விபத்து என்று குறிப்பிட்டது, 1951 செப்டம்பர் 6 அன்று மெக்சிகோ நகரில் வில்லியம் பர்ரோஸ் சுட்டதில் ஜோன் வோல்மர் இறந்த நிகழ்ச்சியை. அவருக்கு வயது 28. இரண்டு பிள்ளைகள்: ஜூலி, பில்லி."

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்