எமது சுவைவட்டத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே,

மிச்சிகன் மாநிலம் கலமாசூ நகரில் கூடி, பருவகாலக் கடும்பீர்களைச் சுவைத்து ஒப்பிட்டுவரும் நமது சுவைவட்டத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். 2024 நவம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை மாதம் ஒன்றாக ஆறு கூட்டங்கள் நடைபெற்றன. ஜனவரிக் கூட்டம் மட்டும் பனிப்பொழிவின் காரணமாக ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. உறுப்பினர் எண்ணிக்கை பதின்மூன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கடந்த பொதுக்குழுவில் நீண்ட வாதத்துக்குப் பின் நிறைவேறிய தீர்மானம் உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். புட்டியின் முகப்புத்தாளைப் பார்த்துக்கொண்டே மதிப்பெண் இடுவதை நிறுத்தி, எந்தப் பீர் எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று தெரியாமலேயே சுவைத்து ஒப்பிடவேண்டும் என்பது அத்தீர்மானம். இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதனால் விளைந்தவற்றைப் பற்றியது. அதை எதிர்த்து வாக்களித்த நால்வரில் நானும் ஒருவன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

முதற்கூட்டத்தில் புட்டிகளைப் பழுப்புக் காகிதப் பையில் சுற்றி எண் எழுதி வைத்தோம். புட்டியின் கழுத்து வடிவத்தையும் மூடியையும் கண்டே பாதிப் பேர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். ஆகவே டிசம்பர் முதல், கூட்டத்துக்கு ஒருவர் முறைவைத்து அடுக்களையில் நின்று ஊற்றித் தர, மற்றப் பன்னிருவர் சுவைப்பது என்று மாற்றினோம். 12 அவுன்ஸ் புட்டி ஒன்றில் 355 மில்லிலிட்டர் இருக்கிறது. இரண்டு புட்டிகளைத் திறந்தால் ஆளுக்கு 60 மில்லிலிட்டருக்குச் சற்றே குறைவாகக் கிடைக்கும். ஒரு மாலையில் ஆறு கிண்ணத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. மதுவின் அளவு பத்து விழுக்காடான பீரில் ஆறு கிண்ணம் என்றால், அமெரிக்கக் கணக்கில் இரண்டு அளவு மது உடலில் சேர்ந்துவிடுகிறது. அளவு குறைவு என்று முணுமுணுத்தவர்கள், வீட்டுக்கு வண்டி ஓட்டிச் செல்வதும் கூட்டத்தின் ஒரு பகுதிதான் என்பதை மறக்கவேண்டாம்.

தின்பண்டம் பற்றியும் ஒரு வார்த்தை. முறுக்கும் மிக்சரும் மேசையிலிருந்து அகற்றப்பட்டதில் சிலருக்கு வருத்தம் இருப்பதை அறிவேன். காரம் மதுவின் எரிச்சலைக் கூட்டிவிடுகிறது. எண்ணெய் நாக்கில் படிந்து நுரையையும் கெடுத்துவிடுகிறது. உப்பில்லாத பிஸ்கட்டும் வெந்நீரும் மட்டும் மேசையில் இருக்க, மிக்சர் கடைசிக் கிண்ணம் முடிந்த பிறகு வரும் என்ற ஏற்பாடு ஒருமனதாக இல்லாவிட்டாலும் பெரும்பான்மையாக ஏற்கப்பட்டது.

நவம்பர்க் கூட்டத்தில் கிறிஸ்துமஸ் பருவத்துப் பீர்கள் மூன்று சுவைக்கப்பட்டன. கிளீவ்லாந்து நகரின் கிரேட் லேக்ஸ் நிறுவனத்தார் தேன், இஞ்சி, இலவங்கப்பட்டை சேர்த்து வடிக்கும் கிறிஸ்துமஸ் ஏல் 7.5 விழுக்காடு. உறுப்பினர் ஒருவர் பென்சில்வேனியாவிலிருந்து கொண்டுவந்த ட்ரோக்ஸ் நிறுவனத்தின் மேட் எல்ஃப், செர்ரியும் தேனும் சேர்ந்தது, 11 விழுக்காடு. சியரா நெவாடாவின் செலிப்ரேஷன், 1981 முதல் அவ்வாண்டு அறுவடையின் புதிய ஹாப்ஸை, அதாவது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவைக் கொண்டு வடிக்கப்படுவது, 6.8 விழுக்காடு. இதில் மசாலா எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸ் என்றாலே பட்டையும் கிராம்பும் என்று எண்ணியிருந்த புதியவர்களுக்கு அதன் எலுமிச்சைத்தோல் கசப்பு வியப்பாக இருந்தது. முதலாவதைச் சுக்குக் காப்பி என்று நால்வர் தனித்தனியே எழுதியிருந்தார்கள். இந்த வரிசையில் வழக்கமாக இடம்பெறும் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் இல்லாத குறை இவ்வாண்டும் தெரிந்தது. 1975 முதல் ஆண்டுதோறும் செய்முறையையும் முகப்புத்தாளில் உள்ள மரத்தின் படத்தையும் மாற்றி வந்துகொண்டிருந்த அப்பீர், அந்நிறுவனம் 2023 ஜூலையில் மூடப்பட்டதோடு நின்றது. சேமித்துவைத்த பழைய புட்டி எவரிடமேனும் இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்.

டிசம்பர் 6ஆம் நாள், புனித நிக்கோலஸ் திருநாளன்று, நாள் பொருத்தம் கருதியே சாமிக்ளவுஸ் எடுத்துக்கொள்ளப்பட்டது. சூரிக் நகரின் ஹூர்லிமான் ஆலையில் பிறந்து, அவ்வாலை மூடப்பட்டபின் 2000 முதல் ஆஸ்திரியாவின் எக்கன்பெர்க் ஆலையில் வடிக்கப்படும் இப்பீர், ஆண்டில் அந்த ஒரே நாளில் வடிக்கப்பட்டுப் பல மாதங்கள் ஊறவைத்துப் புட்டியில் அடைக்கப்படுகிறது, 14 விழுக்காடு. அன்று நாம் புதிதாகச் சேர்த்த ஒரு கட்டம்தான் இவ்வாண்டின் பயனுள்ள காரியம் என்று நான் கருதுகிறேன். முதல் மிடறுக்கு ஒரு மதிப்பெண், கிண்ணம் முடிந்தபின் 'இன்னொரு கிண்ணம் வேண்டுமா' என்ற கேள்விக்கு ஒரு விடை என இரண்டாகப் பிரித்தோம். முதல் மிடறில் சாமிக்ளவுஸ் அன்றைய கிண்ணங்களில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றது. காய்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், பாகு முற்றிய வாசனை என்று தாள் நிறையப் புகழ்ந்திருந்தார்கள். இன்னொரு கிண்ணம் வேண்டும் என்றவர்கள் பன்னிருவரில் இருவர். இனிப்பும் வலிமையும் சிறிய கிண்ணத்தில் எளிதாக வென்றுவிடுகின்றன என்பதையும், சென்ற ஆண்டுகளின் நமது பரிசுப் பட்டியலில் பத்து விழுக்காட்டுக்குக் குறைந்த ஒன்றுகூட இல்லாததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம் என்பதையும் பொதுக்குழு கருத்தில் கொள்ளவேண்டும்.

பிப்ரவரிக் கூட்டம், வறுத்த மால்ட்டால் (முளைகட்டிய பார்லி) வடிக்கும் கறுப்புக் கடும்பீரான இம்பீரியல் ஸ்டௌட் வகைக்கு ஒதுக்கப்பட்டது. நமது ஊர்க்காரர்களான பெல்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்பெடிஷன் ஸ்டௌட்டை, 10.5 விழுக்காடு, 2023ஆம் ஆண்டுப் புட்டியையும் 2024ஆம் ஆண்டுப் புட்டியையும் வைத்து மூன்று கிண்ண முறையில் சோதித்தோம். மூன்று கிண்ணத்தில் இரண்டு ஒன்றே. மாறுபட்ட ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே பன்னிருவரில் நால்வர் சரியாகச் சொல்லக்கூடும். எண்மராவது சொன்னால்தான் வேறுபாடு உண்மையில் நாவுக்குத் தெரிகிறது என்று கொள்வது வழக்கம். சரியாகச் சொன்னவர்கள் ஐவர். ஓராண்டு வைத்திருந்தால் ஸ்டௌட் 'பழுத்துவிடுகிறது' என்று நாம் பல காலமாகப் பேசிவந்ததை, நான் பேசியதையும் சேர்த்தே சொல்கிறேன், அன்றைய கிண்ணங்கள் ஆதரிக்கவில்லை.

அன்றே பேர்பன் பீப்பாயில் ஊறிய ஸ்டௌட் ஒன்றும் சுவைக்கப்பட்டது. பேர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலத்தில்தான் ஊறவைக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் பேர்பனுக்கு மீண்டும் உதவாது என்பதால்தான் பீர் வடிப்போருக்கு அவை எளிதில் கிடைக்கின்றன. அந்த மரத்திலிருந்து வனிலா மணமும், லாக்டோன் என்னும் பொருளால் தேங்காய் மணமும் பீரில் இறங்குகின்றன. சுவைப்பெயர்களை வட்டமாக அடுக்கிய ஆங்கிலச் சுவைச்சக்கரத்தில் வறுத்த தேங்காய் என்று போட்டிருப்பதைப் படித்துப் படித்து எழுதிவந்த நாம், இவ்வாண்டு தமிழிலேயே குறிப்பெழுதுவது என்று முடிவுசெய்தபின், பொள்ளாச்சிக்கார உறுப்பினர் ஒருவர் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு 'இது தேங்காய் அல்ல, கொப்பரைக் களம்' என்றார். அதற்குப் பிறகு அந்த மணத்துக்கு எவரும் வேறு சொல் தேடவில்லை. அதுபோலவே, முன்பு மொலாசஸ் என்று ஒரே சொல்லில் எழுதப்பட்டுவந்தது இப்போது கருப்பட்டி, மண்டைவெல்லம், பாகு தீய்ந்த வாடை என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. மூன்றும் மூன்று பீர்களில் வருபவை என்பது தாள்களை ஒப்பிட்டபோது தெரிந்தது. கிராண்ட் ராப்பிட்ஸின் ஃபவுண்டர்ஸ் நிறுவனம் நிலத்தடி ஜிப்சம் சுரங்கத்தில் பீப்பாய்களில் ஊறவைத்து வெளியிடும் கேபிஎஸ் என்னும் ஸ்டௌட் இப்பட்டியலில் சேர்க்கப்படாதது குறித்துக் கேள்வி எழுந்தது. அது இப்போது ஆண்டு முழுதும் கிடைப்பதால் பருவகாலப் பீர் ஆகாது என்பதே செயற்குழுவின் விடை.

மார்ச் மாதம் தவக்காலத்துக்கு உரிய டாப்பல்பாக் என்னும் ஜெர்மானியக் கடும்பீர் வகை. மியூனிக் நகரின் பௌலானர் துறவிகள் நோன்புக் காலத்தில் உணவுக்கு ஈடாகப் பருகிய கெட்டியான பீரிலிருந்து வந்தது சால்வேட்டர், 7.9 விழுக்காடு, அதைப் பின்பற்றியே இவ்வகைப் பீர்கள் பலவும் 'ஏட்டர்' என்று முடியும் பெயர் பூண்டன. தவக்காலத்தில் மதுவை விட்டிருந்த நமது உறுப்பினர் ஒருவர் அன்று ஊற்றித் தரும் பொறுப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். துறவிகளின் கதையை அவருக்குச் சொல்லவேண்டாம் என்று பேசி வைத்திருந்தும் யாரோ சொல்லிவிட்டார்கள். சால்வேட்டரோடு வைஹன்ஸ்டெஃபானின் கோர்பினியான், 7.4 விழுக்காடு, ஐயிங்கரின் செலிப்ரேட்டர், 6.7 விழுக்காடு, இரண்டும் வைக்கப்பட்டன. முதல் மிடறில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இன்னொரு கிண்ணம் என்ற கேள்விக்குச் செலிப்ரேட்டர் பன்னிருவரில் பதினொருவரைப் பெற்றது; இக்கேள்வி கேட்கப்பட்ட கூட்டங்களில் வேறெதுவும் இவ்வளவு பெறவில்லை. வறுத்த மால்ட்டின் கசப்பு இனிப்பைக் கட்டிப்போட்டு, டிக்காஷனின் அடிவாசனையோடு நாவைத் துப்புரவாக்கிவிட்டுப் போகிறது. அதன் கழுத்தில் தொங்கும் சிறு வெள்ளை ஆட்டுக்கிடா பொம்மைகளை வாங்கிச் செல்லக் குழந்தைகள் வாசலில் காத்திருந்ததையும் பதிவு செய்கிறேன்.

இங்கே ஒரு விதிச்சிக்கல் எழுந்தது. நமது விதியின்படி ஏழு விழுக்காட்டுக்குக் குறைந்தது கடும்பீர் அல்ல. அப்படியானால் செலிப்ரேஷனும் செலிப்ரேட்டரும் வெளியே நிற்கவேண்டும். ஆனால் ஜெர்மனியில் ஒரு பீரை டாப்பல்பாக் என்று சொல்ல மதுவின் அளவைப் பார்ப்பதில்லை. நொதிக்கும் முன் மால்ட்டின் சாற்றில் 18 விழுக்காடேனும் கரைபொருள் (பெரும்பாலும் சர்க்கரை) இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள். அதில் எவ்வளவு மதுவாகிறது, எவ்வளவு இனிப்பாகத் தங்குகிறது என்பது ஈஸ்ட்டையும் வடிப்பவரையும் பொறுத்தது. நமது ஏழு என்ற எண் யாரோ முதலாண்டில் வசதிக்காக எழுதியது. அதை 6.5 ஆகத் திருத்தும் முன்மொழிவு இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது.

இனி, நான் தலைகுனிந்து எழுதவேண்டிய பத்தி. வட்டத்தின் இருப்புப் பீர்கள் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் வைக்கப்பட்டிருந்தன. குளிர்காலம் தொடங்கியதும் வீட்டைச் சூடேற்றும் உலை ஓயாமல் ஓடும் என்பதையும், அலமாரி அதன் மறுபக்கச் சுவரில் சாய்ந்து நிற்கிறது என்பதையும் நான் கவனிக்கவில்லை. பிப்ரவரி இறுதியில் ஒரு புட்டியைக் கையில் எடுத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. வெப்பமானியை வைத்துப் பார்த்ததில் 27 பாகை செல்சியஸ். திறந்து பார்த்த ஐந்து புட்டிகளும் நனைந்த அட்டைப்பெட்டியும் சோயா சாஸும் கலந்த வாடை வீசின. சேதத்தின் மதிப்பான 84 டாலரை நான் செலுத்திவிட்டேன். இருப்பு இப்போது 12 பாகையில் நிற்கும் பொருளாளர் வீட்டு நிலவறைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இந்தத் தவறே ஏப்ரல்க் கூட்டத்துக்குப் பொருளும் தந்தது. பெல்ஸின் ஹாப்ஸ்லாம், தேன் சேர்த்து ஜனவரியில் வரும் 10 விழுக்காட்டுப் பீர், ஒரே பெட்டியில் பாதியைக் குளிர்பெட்டியிலும் பாதியை என் வீட்டு அறையிலுமாக ஏப்ரல் வரை வைத்திருந்து மூன்று கிண்ண முறையில் கொடுத்தோம். பதின்மர் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அறையில் இருந்தது நிறத்திலும் ஒரு மங்கல் கூடியிருந்தது. ஹாப்ஸின் மாம்பழ வாசனை போய்ச் சர்க்கரைத் தண்ணீராக மிஞ்சியிருந்தது.

அதே மாலையில் சியரா நெவாடாவின் பிக்ஃபுட், 9.6 விழுக்காடு, 2019, 2022, 2025 ஆகிய மூன்று ஆண்டுப் புட்டிகள் வரிசையாகச் சுவைக்கப்பட்டன. 1983 முதல் வரும் இது, பார்லி வைன் என்னும் கடும்பீர் வகை. மூடியில் ஆண்டு பொறித்திருப்பதால் இத்தகைய ஒப்பீட்டுக்கு ஏற்றது. உறுப்பினர் ஒருவர் தம் நிலவறையில் முறையாக வைத்திருந்து நன்கொடையாக அளித்தார். 2025ஆம் ஆண்டுப் புட்டி வேப்பம்பூப் போன்ற கூர்ந்த கசப்பு. 2022இல் கசப்பு தணிந்து கருப்பட்டி மேலே வந்திருந்தது. 2019இல் ஷெர்ரி வைனும் அத்திப்பழமும், கூடவே அட்டையின் நிழல் மெல்லத் தொடங்கியிருந்தது. எது மேல் என்பதில் வாக்குகள் மூன்றாகச் சிதறின. எனக்கு 2022 பிடித்தது. வைத்திருந்தால் மேம்படும் என்பதைவிட, வைத்திருந்தால் வேறொன்றாகும் என்று எழுதிவைப்பதே சரி என்று கூட்டக் குறிப்பில் தலைவர் சேர்க்கச் சொன்னார்.

நிதிநிலையைப் பொருளாளர் விரிவாக வைப்பார். சுருக்கமாக: ஆளுக்கு 110 டாலர் சந்தா வழியாக 1,430 டாலர், முன்னிருப்பு 46, செயலாளர் செலுத்திய இழப்பீடு 84, மொத்தம் 1,560, செலவு 1,386, கையிருப்பு 174 டாலர். முன்பு பீப்பாய்ப் பீர்களுக்கே பணத்தில் பெரும்பங்கு போய்க்கொண்டிருந்தது. முகப்புத்தாள் மறைந்தபின் விலைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியாததால் கொள்முதல் குழு தானாகவே கையைக் குறுக்கிக்கொண்டது.

வரும் ஆண்டுக்காக ஊற்றுபவர் முறைப்பட்டியல், வெப்பமானி ஒன்று வாங்குதல், முன்சொன்ன விதித்திருத்தம் ஆகிய மூன்றும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகின்றன. 2025ஆம் ஆண்டுப் பிக்ஃபுட் ஆறு புட்டிகள் 2028 ஏப்ரலில் திறப்பதற்கென நூல் கட்டித் தனியே வைக்கப்பட்டுள்ளன; அவற்றின் சாவி பொருளாளரிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்