ஓடுகிற வரைக்கும்தான் குடிமகனா? உலகத் தடகள அமைப்புக்குக் குமரிக் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

உலகத் தடகள அமைப்பின் தலைவருக்கும், கவுன்சில் உறுப்பினர்களுக்கும், நாடு மாறக் கேட்டு வரும் மனுக்களைப் பரிசீலிக்கிற குழுவினருக்கும்,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம், குளச்சல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மொனாக்கோவில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு எங்கள் ஊர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பஹ்ரைனையும் கத்தாரையும் உங்களைவிட எங்களுக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் எங்கள் கரையில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பணக்கார நாடுகள் ஏழை நாட்டு ஓட்டக்காரர்களுக்குப் பாஸ்போர்ட் கொடுத்துத் தங்கள் ஜெர்சியை மாட்டிவிடுகிற சங்கதியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். போனவர்களைத் திட்டுவதற்காக இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வயிற்றெரிச்சல் இல்லையா என்றால், இருக்கிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச் சுற்றை 55.42 விநாடியில் முடித்தார். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா ஓடிய அதே நேரம், அத்தனை வருஷமாக இந்தியாவில் ஒருத்தரும் எட்டாத நேரம். இறுதிச் சுற்றில் வித்யாவுக்கு வெண்கலம், தங்கம் பஹ்ரைனின் கெமி அடெகோயாவுக்கு. நைஜீரியாவில் பிறந்த இவர் எங்களுக்குப் புதிய ஆள் இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடுகிற கலப்பு 4×400 தொடரோட்டத்தில் இந்தியாவை இரண்டாமிடத்துக்குத் தள்ளிய பஹ்ரைன் அணியிலும் ஓடியவர்தான். அப்புறம் ஊக்கமருந்தில் மாட்டி நான்கு வருஷத் தடை, 2020இல் அந்தத் தங்கம் இந்தியாவுக்கு வந்தது. அந்த அணியில் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும் ஒருவர். ரெண்டு வருஷம் கழித்து அறிவிப்பாக வருகிற தங்கத்துக்கு மேடை ஏது, கொடி ஏது?

அதே ஜகார்த்தாவில் 100 மீட்டரில் டூட்டி சந்த் தங்கத்தை விட்டது விநாடியில் நூறில் இரண்டு பங்கில். 200 மீட்டரிலும் வெள்ளிதான். இரண்டிலும் முன்னால் போனவர் நைஜீரியாவில் பிறந்து பஹ்ரைனுக்கு ஓடிய எடிடியோங் ஒடியோங். தடையும் தண்ணீர்க் குழியும் தாண்டி ஓடுகிற 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 2018இல் சுதா சிங்குக்கும் 2023இல் பாருல் சௌத்ரிக்கும் வெள்ளி, இரண்டு தடவையும் தங்கம் கென்யாவில் பிறந்த பஹ்ரைன் வீராங்கனை வின்ஃப்ரெட் யாவிக்கு. யாவி ஒலிம்பிக் சாம்பியன், அவரிடம் தோற்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆசியாவுக்கு என்று ஒரு போட்டி வைத்துவிட்டு, அதில் இத்தனை தங்கத்தை ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனால் டிவி பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

சரி, அவர்கள் ஏன் போகிறார்கள்? கென்யாவில் ஸ்டீபிள்சேஸ் ஓடுகிறவர்கள் குவிந்து கிடக்கிறார்கள், ஒலிம்பிக்குக்கு ஒரு நாட்டிலிருந்து மூன்று பேர்தான் போக முடியும். உலகத்தில் நாலாவது, ஐந்தாவது ஆளாக இருந்தாலும் சொந்த நாட்டில் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஸ்டீபன் செரோனோ அப்படி ஒரு நெருக்கடிக்குள்ளிருந்துதான் 2003இல் கத்தாருக்குப் போய் சயீஃப் சயீத் ஷாஹீன் ஆனார். வாழ்நாள் முழுக்க மாதம் ஆயிரம் டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அதே வருஷம் பாரிசில் கென்யாக்காரர்களையே முந்தி உலக சாம்பியன். அடுத்த வருஷம் 7 நிமிடம் 53.63 விநாடியில் அவர் வைத்த உலக சாதனை 2023 வரைக்கும் நின்றது. ஆனால் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓட முடியவில்லை, நாடு மாறியவர் ஒலிம்பிக்கில் ஓடுவதற்கு முன் இருக்க வேண்டிய காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்யக் கென்யா ஒத்துக்கொள்ளவில்லை. ஏதென்ஸில் மூன்று பதக்கமும் கென்யாவுக்கே போனது. அவர் இல்லாமலே மூன்றையும் அள்ளுகிற நாட்டில், அவருக்கு எங்கே இடம் இருந்திருக்கும்?

நாட்டைப் பற்றி ரொம்பக் கறாராகப் பேசுகிற ஆட்களும் இல்லை நாங்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி எங்கள் தாத்தாமார் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியவர்கள். எத்தியோப்பியாவில் பிறந்து பதினைந்து வயதில் அகதியாக நெதர்லாந்து போன சிஃபான் ஹசன் 2024 ஒலிம்பிக்கில் அந்த நாட்டு ஆரஞ்சு உடையில் மாரத்தான் தங்கம் வாங்கினால் அது முறையான மாற்றம்தான். அங்கே வாழ்ந்தார், அங்கே வளர்ந்தார், ஓடினார்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. எங்கள் சித்தப்பா பஹ்ரைனில் லாஞ்சில் போனவர், கம்பிக் கூடு இறக்கிக் களவா மீன் பிடிக்கிற வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கடலில் கிடந்தார். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த மாசம் எந்தப் பாறையில் மீன் நிற்கும் என்பதெல்லாம் அந்த நாட்டுக்காரனைவிட அவருக்குத் தெரியும். அரபியும் பேசுவார். முதுகு போனதும் அர்பாப், அதாவது முதலாளி, விசாவை கேன்சல் செய்து டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார். சித்தப்பா அதில் குறையே சொன்னதில்லை, விசா என்றால் அப்படித்தான் என்பார். அந்த நாட்டுச் சட்டப்படி அரபி அல்லாதவர் குடியுரிமை கேட்கவே தொடர்ந்து 25 வருஷம் அங்கே இருந்திருக்க வேண்டும். கத்தாரிலும் 25 வருஷம்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ரூத் ஜெபெட் பஹ்ரைனுக்குத் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயதே 19! கென்யாவில் பிறந்து வளர்ந்த பெண் எந்தக் கணக்கில் 25 வருஷம் முடித்தார் என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டீர்களா? சிறப்பு அனுமதி என்று ஒரு வாசல் இருக்கிறது, அது தெரியும். அந்த வாசல் காலுக்குத் திறக்கிறது, கைக்குத் திறக்காது. வந்த வாசல் வழியே வெளியே தள்ளவும் முடியும், அதுதான் மோசம்.

லெனார்ட் முச்சேரு கதை உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். கென்யாக்காரர், பஹ்ரைனுக்குப் போய் முஷிர் சலேம் ஜவ்ஹர் ஆனவர். 2007 ஜனவரியில் இஸ்ரேலில் திபேரியாஸ் மாரத்தானில் ஓடி ஜெயித்தார். ஜெயித்த கையோடு பஹ்ரைன் அவர் குடியுரிமையைப் பறித்தது. பிறந்த நாட்டை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தவர், வந்த நாடும் கைவிட்டால் எங்கே போவார்? இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. நாளைக்கு எங்கள் பிள்ளை ஒன்று அங்கே ஓடப் போனால் இந்தப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2017 பிப்ரவரியில் நாடு மாறுவதையே நிறுத்தி வைத்தீர்கள், 2018இல் புது விதி கொண்டுவந்தீர்கள்: மூன்று வருஷக் காத்திருப்பு, இருபது வயதுக்கு மேல், வாழ்நாளில் ஒரே தடவை. நல்ல விதிதான். ஆனாலும் 2025இல் என்ன செய்தி வந்தது? வட்டெறிதல் ஒலிம்பிக் சாம்பியன் ரோஜே ஸ்டோனா உட்பட ஜமைக்காவின் நாலு பேரும், நைஜீரியாவின் ஃபேவர் ஓஃபிலியும் துருக்கிக்குப் போகிறார்கள் என்று. ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் என்று அடிபட்டது. காசு இருக்கிறவனுக்கு மூன்று வருஷம் ஒரு தடையா? 2028 ஒலிம்பிக்குக்கு ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே கணக்குப் போட்டு எடுத்துவிட்டுப் போகிறான்.

இன்னொன்று, இதில் எங்கள் கரைக்காரர்களுக்கு அனுபவம் உண்டு. தூத்தூர், இரவிபுத்தன்துறை, சின்னத்துறை என்று எங்கள் மேற்குக் கரையில் பிள்ளைகள் பந்தோடுதான் வளர்கிறார்கள், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து வரைக்கும் போன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். கால்பந்தில் ஃபிஃபா ஒரு வேலை செய்து வைத்திருக்கிறது. ஒரு ஆட்டக்காரரை ஒப்பந்தத்தின் நடுவில் இன்னொரு நாட்டுக் கிளப் விலைக்கு வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரைப் 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முறையாகப் பதிவு செய்த கிளப் என்றால் கடற்கரை மணலில் பந்து தட்டவைத்த கிளப்பாக இருந்தாலும் கேட்டு வாங்கலாம். உங்கள் தடகளத்தில் அப்படி ஏதாவது உண்டா? கிளப்பே மாறாமல் நாடே மாறுகிறது, வளர்த்தவருக்குக் காலணா கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஒரு பி.டி. மாஸ்டர் இருக்கிறார், பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. விடியற்காலையில் சொத்தவிளை மணலில் பிள்ளைகளை ஓடவிடுவார், ஓடி முடித்தால் அவர் வீட்டிலிருந்து அவித்த சுண்டலும் முட்டையும் வரும். ஸ்பைக்ஸ் ஷூ ஒரே ஜோடி, ரெண்டு பெண் பிள்ளைகள் மாறி மாறிப் போடுகிறார்கள். சின்னவளுக்கு முன்னால் பஞ்சு திணித்தால்தான் நிற்கும். கென்ய மலைப்பக்கத்திலும் இப்படி ஒரு மாஸ்டர் இருக்கத்தான் செய்வார். பஹ்ரைன் வாங்கினது அவர் கொடுத்த முட்டையையும்தான், விலை மட்டும் அவருக்குப் போகவில்லை.

அதனால் நாடு மாறவே கூடாது என்று தடை போடச் சொல்லவில்லை. தடை போட்டால் அந்த நாலாவது கென்யாக்காரர்தான் அடிபடுவார். வாங்குகிற நாடு, ஓட்டக்காரரைச் சின்ன வயதில் பழக்கிய பள்ளிக்கும் கிளப்புக்கும் ஒரு தொகை கட்டிவிட்டு வரட்டும், அதை உங்கள் கணக்கில் கட்டட்டும், நீங்கள் பிரித்துக் கொடுங்கள். கொடுக்கிற குடியுரிமையை ஓட்டம் நின்றாலும், கால் போனாலும், பிடிக்காத ஊரில் மாரத்தான் ஓடினாலும் பறிக்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதை மீறினால் அந்த நாட்டுக்கு அடுத்த மனுவே இல்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் பேசி முடிவெடுக்க உங்களுக்கு மாநாடு, குழு, அறிக்கை என்று வருஷக்கணக்கில் ஆகும். அதற்கு முன்னால் ஒன்றை உடனே செய்யலாம். இதுவரை வெளிநாட்டு ஓட்டக்காரர்களை எடுத்த ஒவ்வொரு நாட்டிடமும் ஒரு பட்டியல் கேளுங்கள்: ஓட்டத்தை நிறுத்திய உங்கள் ஆட்கள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார்கள், கையில் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள்? வந்ததை அப்படியே வெளியிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளைகள் போவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
குளச்சல் பக்கத்துக்காரன் ஒருவன்