செவிலியர் ஆணையத்துக்கு விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் வார்டுகளில் நின்றவள் நான். கடைசி ஒன்பது ஆண்டுகள் கண்காணிப்பாளர். 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் புதிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. செவிலியர் மீதான ஒழுங்குப் புகார்களை மாநில ஆணையங்கள் எப்படி விசாரிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதும்போது, கீழே சொல்வதை நினைவில் வையுங்கள்.

ஒரு தனியார் மருத்துவமனையில், இரவு ஒரு மணிச் சுற்றில் ஆண்கள் வார்டுக்குப் போனேன். அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஒரு பெரியவரின் சார்ட்டை எடுத்தேன். அதிகாலை நான்கு மணிக்கான இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் அழகான கையெழுத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. பக்கத்துப் படுக்கையிலும் அப்படியே. பெரியவரின் கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி 118. சார்ட்டில் 78.

டாக்டரை எழுப்பி வரவழைத்தோம், பெரியவர் பிழைத்தார். காலையில் அறிக்கை எழுதினேன். தேதி, நேரம், படுக்கை எண்கள் எல்லாம் அதில் இருந்தன. முப்பத்திரண்டு நோயாளிகளுக்கு இரண்டே பேரை அன்று இரவு விட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினேன். அதனால், பார்க்காமலே சார்ட்டை எழுதி வைத்த இரவுப் பணிப் பெண் செய்தது சரியாகிவிடாது. ஆனாலும் அதைச் சொல்லாமல் விடுவது அவளுக்குச் செய்யும் அநியாயம். அந்த வரிதான் நிர்வாகத்தைச் சுட்டது என்று இன்றும் நினைக்கிறேன்.

அறிக்கை கொடுத்த பன்னிரண்டாம் நாள் என் மீது, செவிலியர் பதிவைக் கையில் வைத்திருக்கும் நர்சிங் கவுன்சிலுக்குப் புகார் போனது. இளையவர்களை இழிவுபடுத்துகிறேன், கேஸ் ஷீட்டைத் திருத்துகிறேன் என்று மூன்று பேர் கையெழுத்து. ஒரு தேதி இல்லை, ஒரு படுக்கை எண் இல்லை. பதினான்கு மாதம் பழைய ரெஜிஸ்டர் நகல்களைப் பையில் சுமந்து அலைந்தேன். பதிவு ரத்தானால் செவிலியருக்கு வேறு பிழைப்பு ஏது? கடைசியில் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு கோப்பை மூடினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தி பின்னாளில் பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்து அழுதாள். “போடச் சொன்ன இடத்தில் போட்டேன் மேடம், வேலை போய்விடும் என்றார்கள்.” அவள் மீது எனக்குக் கோபம் இல்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2009-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கெர்மிட் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் இரண்டு செவிலியர்கள் ஒரு மருத்துவரின் சிகிச்சை முறை குறித்து மாநில மருத்துவ வாரியத்துக்குப் பெயரிடாமல் எழுதினார்கள். யாரும் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய கோப்பு எண்களோடுதான் எழுதினார்கள். மருத்துவரின் நண்பரான ஷெரிப், அதாவது அந்த வட்டாரத்தின் காவல் தலைவர், எழுதியவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். வேலை போனது, பத்து ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய வழக்கும் பாய்ந்தது. ஒருவர் மீதான வழக்கைக் கைவிட்டார்கள். மற்றவரை 2010 பிப்ரவரியில் ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் விடுவித்தார்கள். பின்னர் அந்த ஷெரிப்பே குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டுப் பதவி இழந்தார். அவ்வளவு தெளிவான வழக்கிலும் அந்தப் பெண்கள் பட்ட பாடு பட்டதுதான்.

கண்காணிப்பாளர்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் கோரவில்லை. கொடுமைப்படுத்தும் மேலதிகாரிகளை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு எதிரான குரல் உங்களை எட்ட வேண்டும். நான் கேட்பது, புகார் மேசைக்கு வந்ததும் புகாரின் தேதியையும், புகாருக்கு ஆளானவர் கடைசியாக அறிக்கை எழுதிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள் என்பதே. அவர் அண்மையில் யாரைப் பற்றி, எப்போது எழுதிக் கொடுத்தார் என்று முதல் நாளே கேளுங்கள். புகாரில் சரிபார்க்கத்தக்க ஒரு விவரமாவது இருக்கிறதா என்று பாருங்கள். விசாரணைக்குக் காலக்கெடு வையுங்கள். பழிவாங்கவே ஒரு புகார் எழுதப்பட்டது என்று தெரிந்தால், கையெழுத்துப் போட்ட சிறுபெண்ணை விட்டுவிட்டு, போடச் சொன்னவரைத் தேடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், புகாரை நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே புகார் தந்தவரைத் தண்டிக்கக் காரணமாகாது என்கிறது. உங்கள் விதியிலும் அது இருக்கட்டும். என் மீது புகார் தந்தவர்களுக்கும் அது பொருந்தட்டும்.

என் இடத்துக்கு வந்திருப்பவள் நான் பயிற்சி கொடுத்த பெண். போன வாரம் இரவு தொலைபேசியில் அழைத்தாள். போதை தரும் வலி மருந்துகளைக் கணக்கு வைக்கும் நார்கோட்டிக் ரெஜிஸ்டரில் ஒரு ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) கணக்கு இடிக்கிறதாம். “எழுதிக் கொடுக்கட்டுமா மேடம், வாயால் சொல்லி விட்டுவிடட்டுமா?” என்று கேட்டாள். எழுது என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு விடியும்வரை தூங்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருத்தி