முன்பும் பின்பும் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

ஒரு திட்டம் வந்தபின் எண்கள் உயர்ந்தால் வெற்றி, சரிந்தால் தோல்வி என்று தலைப்பிடுவது செய்திகளில் வழக்கமாகிவிட்டது. அந்தத் திட்டமே இல்லாத இடத்தில் அதே காலத்தில் என்ன நடந்தது என்று கேட்பவர் அரிது.

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் மாற்றமில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு மாநிலங்களின் துரித உணவகங்களில் உயர்வுக்கு முன்னும் பின்னும் ஊழியர்களைக் கணக்கெடுத்தார்கள். பகுதிநேர ஊழியரை அரை ஆளாக எண்ணினால், நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தின் சராசரி முழுநேர ஊழியர் எண்ணிக்கை 20.44-லிருந்து 21.03 ஆனது. அற்ப உயர்வுதான். ஆனால் பென்சில்வேனியாவில் அது 23.33-லிருந்து 21.17 ஆகச் சரிந்திருந்தது. ஆக, இரண்டு மாற்றங்களுக்கும் இடையிலான வேறுபாடு சுமார் 2.75. கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்ற பாடநூல் கணிப்பு இந்தக் கணக்கில் பலிக்கவில்லை. (மறுப்பு ஆய்வுகளும் வந்தன, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.)

இப்படி இரு இடங்களின் மாற்றங்களை ஒப்பிடும் முறையின் உயிர்நாடி ஓர் அனுமானம்: கொள்கை வராதிருந்தால் இரு இடங்களும் ஒரே போக்கில் சென்றிருக்க வேண்டும். தொழிற்பயிற்சித் திட்டங்களில் இதுவே காலை வாரிவிடும். வருமானம் அப்போதுதான் சரிந்தவர்களே பயிற்சிக்கு வருகிறார்கள். பயிற்சி இல்லாமலும் பலர் மீண்டிருப்பார்கள்.

கொள்கைகளின் பலனை எழுதும்போது, ஒப்பிடத் தகுந்த ஓர் இடத்தின் எண்களையும், கொள்கைக்கு முந்தைய சில ஆண்டுகளின் போக்கையும் சேர்த்து வெளியிடுங்கள். ஒரு சிறு வரைபடத்துக்கு இடமிருந்தால் போதும்.

இப்படிக்கு,
புள்ளியியல் கற்பிக்கும் ஒரு வாசகர்