ஒரு சுற்று போனால் போகட்டும்

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பத்தாவின் கண் ஆபரேஷன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. சர்க்கரை இறங்கினால்தான் செய்ய முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீடியோ காலில் நீ கேட்டபோதே அம்மா இதைச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து ஆபரேஷன் எப்போது என்று மறுபடியும் கேட்டாய். அவளும் மறுபடியும் சொன்னாள். சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னாள்.

பட்டறையில் வேலை சுமார்தான். பம்ப் ஷாஃப்ட் ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது, பணம்தான் வரக்காணோம். உன் படம் வந்த பேப்பரை ராசு பெரிய லேத்துக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிக் கதை விடுகிறான். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை. உன் பொள்ளாச்சி மாமாகூட வந்து பார்த்துவிட்டுப் போனார். உடுமலைக் கல்யாணத்தில் பேசிய பேச்செல்லாம் மறந்துவிட்டதாம், இப்போது "நம்ம புள்ள" என்கிறார்.

போனில் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதுவும் இந்தத் தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலிருந்து வந்தபிறகு என்னிடம் நீ பேசவே இல்லை. அம்மாவிடம் மட்டும் "வண்டி லேசாத் தட்டிருச்சு" என்றாயாம். சரி. தபாலில் வந்தால் பிரித்தாவது பார்ப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று யோசித்தால் இத்தாலியில் நடந்த அந்த இமோலா ஃபார்முலா 1 ரேஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

1994 இமோலாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தாவது படிக்கும்போது கணக்குப் புத்தகத்துக்குள் சென்னா படத்தை வைத்துக்கொண்டிருந்தவள் நீ. ஆனால் நீ எப்போது பேசினாலும் சென்னா இறந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் பேசுவாய். அதற்கு முந்தைய வெள்ளியும் சனியும் உன் கதையில் வருவதே இல்லை. எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன.

வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 29. ரூபென்ஸ் பாரிகெல்லோவுக்கு அப்போது 21 வயது. அவன் ஓட்டிய ஜோர்டான் டீம் வண்டி ஓரக்கல்லில் ஏறி எகிறி, டயர்ச் சுவருக்கு மேலே வேலியில் போய் மோதித் தலைகீழாக விழுந்தது. பையனுக்கு நினைவே இல்லை. ஃபார்முலா 1 ரேஸ் டாக்டர் சிட் வாட்கின்ஸின் ஆட்கள் ஓடிவந்து பார்த்தார்கள். மூக்கு உடைந்தது, கையில் கட்டுப் போட்டார்கள். சனிக்கிழமை எழுந்து மைதானத்துக்கு வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுப் போனான். வண்டியில் மட்டும் ஏறவில்லை. ஏற விடவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மொனாக்கோவில் ஓட்டினான். அப்புறம் 2011 வரைக்கும் 300 ரேஸுக்கு மேல் ஓட்டி 11 தடவை ஜெயித்தான். அவனுக்குப் போனது என்ன? ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இதை நீ இன்னொரு தடவை படி. அப்புறம் கீழே போ.

சனிக்கிழமை. ரோலண்ட் ராட்சன்பெர்கர், ஆஸ்திரியாக்காரர், சால்ஸ்பர்க் ஊர். அந்த மனிதரைப் பற்றி நீ ஒரு நாளும் பேசிக் கேட்டதில்லை. ஜப்பானில் பல வருடம் ஓட்டி, லே மான்ஸில் ஓட்டி, 33 வயதில்தான் ஃபார்முலா 1-க்குள் வந்தார். வயதைக் கேட்டால் சீட் தரமாட்டார்கள் என்று இரண்டு வயது குறைத்தே சொல்லிக்கொண்டிருந்தார். சிம்டெக் என்று ஒரு சின்ன டீம். அதிலும் ஐந்து ரேஸுக்குத்தான் ஒப்பந்தம். முதல் ரேஸுக்குத் தகுதி பெறவில்லை, ஜப்பானில் நடந்த அடுத்ததில் பதினோராவதாக வந்தார். இமோலாவில் கடைசி வரிசையில் ஓர் இடம் பிடிக்கத்தான் போராடிக்கொண்டிருந்தார்.

அக்குவே மினெராலி வளைவில் வண்டி தடம் விட்டு இறங்கி ஏறியது. பெரிய மோதல் எதுவும் இல்லை. வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிற முன்பக்க விங்கில் அடி பட்டிருக்கிறது, அது வெளியே தெரியவில்லை. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிட்டுக்குள் திருப்பியிருந்தால் மெக்கானிக் குனிந்து கையால் ஆட்டிப் பார்த்திருப்பான், ஆடுகிறது என்று சொல்லியிருப்பான். ஆனால் நேரம் போய்விடுமே. ஒரு சுற்று போனால் அந்த இடம் போய்விடுமே. இன்னொரு சுற்று அழுத்தினார். வில்னவ் வளைவுக்கு வரும்போது வேகம் 314 கிலோமீட்டர். விங் கழன்று போய்விட்டது. அப்புறம் வண்டி எங்கே திரும்பும்? நேரே சுவர்தான்.

எதற்கு இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன் என்று உனக்கு எரிச்சல் வரும். வரட்டும். தட்டின வண்டி ஓடுகிறது என்பதற்காக அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதை நான் லேத்தில் நின்று சொல்வேன், வீட்டில் உட்கார்ந்தும் சொல்வேன். வண்டிக்கு மட்டும் சொல்லவில்லை.

நீ கெட்டிக்காரி. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. போன தீபாவளிக்கு வந்தபோது பிரேக் பெடலுக்கு ஒரு பிராக்கெட் வரைந்து கொடுத்தாயே, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ராசு இப்போது டாலரன்ஸ் எழுதவே கற்றுக்கொண்டான். எல்ஜிபி ஃபார்முலா 4 நம் கோயமுத்தூர் வண்டி, அதில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஆனால் அந்த வண்டியில் தலையைக் காக்கிற ஹேலோ வளையம் கிடையாது. 2020-இல் பஹ்ரைனில் ரொமான் க்ரோஷானின் வண்டி கம்பித் தடுப்பைப் பிளந்துகொண்டு இரண்டாக உடைந்து பற்றி எரிந்தபோது, தலைக்கு மேல் அந்த வளையம் இருந்ததால்தான் அவர் நெருப்புக்குள்ளிருந்து எழுந்து வந்தார். உனக்குத் தலைக்கு மேலே ஒன்றுமில்லை. ஹெல்மெட்தான், அப்புறம் உன் புத்திதான். அந்தப் புத்தியை இப்படியா பார்த்துக்கொள்வது? மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவை எடுக்க என்ன கேடு?

சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது உனக்கு நினைவிருக்கும். ராட்சன்பெர்கர் போய்விட்டார் என்று வாட்கின்ஸ் சொன்னதும் சென்னா அவர் தோளில் சாய்ந்து அழுதார். நீ மூன்று தடவை சாம்பியன், இனி உனக்கு என்ன நிரூபிக்க வேண்டியிருக்கிறது, விட்டுவிடு, இரண்டு பேரும் மீன் பிடிக்கப் போகலாம் என்றார் டாக்டர். என்னால் விட முடியாது, நான் தொடர்ந்து போக வேண்டும் என்றார் சென்னா. இந்தப் பதிலை நீ சுவரில் எழுதி வைத்திருந்தாய். எழுதும்போது டாக்டர் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். வாட்கின்ஸ் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. மூளை ஆபரேஷன் செய்துவந்த டாக்டர் அவர்.

ஞாயிறு, மே 1. ரேஸ் கிளம்பியதுமே ஜே.ஜே. லெஹ்டோவின் பெனட்டன் டீம் வண்டி அசையாமல் நின்றுவிட்டது. பின்னால் வந்த பெட்ரோ லாமி அதில் மோத, சக்கரமும் துண்டுகளும் வேலியைத் தாண்டிக் கூட்டத்தில் விழுந்து ஆட்களுக்குக் காயம். இந்த லெஹ்டோவுக்கு அந்த ஜனவரியில்தான் டெஸ்டிங்கில் கழுத்து எலும்பு முறிந்திருந்தது. முதல் இரண்டு ரேஸ் உட்கார்ந்துவிட்டு இமோலாவில்தான் திரும்பி வந்தார். இன்ஜின் நின்றதற்கும் கழுத்துக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனாலும் ஜனவரியில் கழுத்து, மே மாதம் ரேஸ் என்று படித்தபோது அந்தப் பையனின் அம்மா அப்பா எங்கே போயிருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வேகத்தைக் குறைக்க முன்னால் விடுகிற சேஃப்டி காருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஊர்ந்தார்கள். ஏழாவது சுற்றில் டம்பரெல்லோ வளைவில் சென்னாவின் வில்லியம்ஸ் டீம் வண்டி திரும்பாமல் சுவரில் போய் அடித்தது. அதே சுவரில்தான் 1987-இல் பிகே, 1989-இல் பெர்கர் என்ற டிரைவர்களும் போய் மோதினார்கள். சுவரைப் பின்னால் தள்ளலாமா என்று சென்னாவும் பெர்கருமே போய்ப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் ஆறு ஓடுகிறது, முடியாது என்று திரும்பிவிட்டார்கள். வளைவை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1995-இல் மாற்றினார்கள்.

காரணம் எதுவென்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஓர் இடம்தான் உறுத்துகிறது, தொழில் அப்படி. காக்பிட்டில் கைக்கு இடம் பற்றவில்லை என்று சென்னா கேட்டதால் ஸ்டீயரிங் தண்டை நடுவில் வெட்டி, விட்டம் குறைந்த குழாயை வைத்து வெல்ட் செய்திருந்தார்கள். விட்டம் மாறுகிற இடத்தில் மூலையைக் கூராக விட்டால் அங்கேதான் கிராக் கிளம்பும். முதல் நாள் தெரியாது. தலைமுடி மாதிரி உள்ளே போய்க்கொண்டிருக்கும். சாயம் ஊற்றித் துடைத்துப் பார்த்தால்தான் கோடு தெரியும். உனக்குச் சின்ன வயதில் காட்டியிருக்கிறேன். இத்தாலியில் கேஸ் வருடக்கணக்காக நடந்து, 2007-இல் மேல்கோர்ட் தண்டு முறிந்ததுதான் காரணம் என்றது. காலம் கடந்துவிட்டதால் யாருக்கும் தண்டனை இல்லை. தண்டில் கிராக் இருந்தது உண்மைதான், ஆனால் வண்டி விலகியது அதனால் இல்லை என்று தோன்றுகிறது என்கிறார் வண்டியை வடிவமைத்த ஆட்ரியன் நியூவி. எதுவாக இருந்தாலும் கிராக் இருந்தது என்பதில் இரண்டு கட்சி இல்லை. அந்தத் தண்டோடு கிளம்பினார் என்பதிலும் இல்லை. நொறுங்கிய வண்டிக்குள் ஓர் ஆஸ்திரியக் கொடி மடித்து வைத்திருந்தது. ராட்சன்பெர்கருக்காக அசைக்க வைத்திருந்தாராம்.

அதற்கப்புறமும் ரேஸை நடத்தினார்கள் பார். ஷூமாக்கர் ஜெயித்தார். நடுவில் ஒரு மினார்டி டீம் வண்டியின் சக்கரம் கழன்று பிட்டில் மெக்கானிக்குகளின் மேல் பாய்ந்தது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூருப் பையன் ஒருவன், 13 வயது, பைக்கிலிருந்து விழுந்து இறந்தபோது மீதி ரேஸையெல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். அதுதான் மனுஷத்தனம். அந்த வாரம் அம்மா உன்னிடம் எப்படிப் பேசினாள் என்று உனக்குத் தெரியும். அதை இங்கே எழுத வேண்டாம்.

சரி, சுற்றிச் சுற்றி வருகிறேன். கார்த்தி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். உன் வண்டி டயர்ச் சுவரில் போய் அடிப்பதும், உன் தலை ஒரு பக்கமாகப் போய்த் திரும்புவதும் அதில் இருக்கிறது. நீ இறங்கி நடந்து போகிறாய், கையைத் தூக்கிக் காட்டுகிறாய். கூட்டம் கைதட்டுகிறது. ஆனால் நீ நடந்தது உன் பிட்டின் பக்கம் இல்லை. மார்ஷல் வந்து தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார்.

ராசு ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோதும் இப்படித்தான் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தான். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டான். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றான். மூளை குலுங்கியிருக்கிறது, ஆறுவதற்குள் அதே தலையில் இன்னோர் அடி பட்டால் ஆளே போய்விடலாம் என்று டாக்டர் சொன்னார். நீ வீடியோ காலில் ரூமுக்குள்ளே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டிருந்தாய். ஸ்டைல் என்றாய். அம்மா சிரித்தாள்.

அடுத்த ரவுண்டு வருகிறது என்று தெரியும். பாயின்ட் கணக்கும் தெரியும், நான்தான் பேப்பரில் போட்டு வைத்திருக்கிறேனே. போனால் போகட்டும். பாரிகெல்லோவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. உன்னை ரேஸை விடச் சொல்லவில்லை. விடச் சொல்கிறவனாக இருந்தால் கார்ட்டிங்குக்குச் செட்டிபாளையம் கூட்டிக்கொண்டு போயிருக்கவே மாட்டேன். பார்த்துவிட்டுப் போ என்கிறேன், அவ்வளவுதான். டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தால் நானே வந்து உன் பிட்டில் நிற்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சேரனில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலையில் நரம்பு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி வை. ஆபீஸில் லீவு சொல்லிவிடு. அந்த ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதே. வெளியே கீறல் மட்டும்தான் தெரியும், உள்ளே தெர்மோகோல் அமுங்கியிருக்கும், ஓர் அடியோடு அதன் வேலை முடிந்தது. புதிதாக வாங்கிக்கொள்ளலாம். சைஸை மட்டும் அனுப்பு. விலையைப் பற்றி நீ பேசாதே.

அம்மாவுக்கு வீடியோவைக் காட்டவில்லை. சென்னைக்கு மெட்டீரியல் வாங்கப் போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா