எந்த ரிப்போர்ட் அனுப்பிய குவரி இது?

ஆசிரியருக்கு,

டேட்டாபேஸ் மெதுவானால் எல்லோரும் சர்வரைத்தான் திட்டுகிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் 40 நிமிடமாக ஒரு குவரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்டு அனுப்பும் கட்டளை) ஓடிக்கொண்டிருக்கும், எல்லா ரிப்போர்ட்டும் ஒரே பொது லாகினில் வருவதால் அனுப்பியது எது என்றே தெரியாது, அப்புறம் யாரைப் போய்க் கேட்பது? குவரிக்குள்ளேயே /* ரிப்போர்ட்: மாத விற்பனை */ என்று ஒரு கமெண்ட் (டேட்டாபேஸ் செயல்படுத்தாத குறிப்பு) போடுங்கள், ஓடிய குவரிகளைப் பதிந்து வைக்கும் லாக்கில் (log) அப்படியே தெரியும். ஒவ்வொரு முறையும் மாறும் தேதி, மணியை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் போன்ற டேட்டாபேஸ்கள் அதைப் புதுக் குவரி என்று எடுத்துக்கொண்டு பிளானை (தகவலை எப்படி எடுப்பது என்ற திட்டத்தை) மறுபடி போடும் (பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்). போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் ரிப்போர்ட்டின் பெயரைக் கனெக்‌ஷனிலேயே அப்ளிகேஷன் பெயராகக் கொடுக்கலாம், ஆங்கில எழுத்தில், 63 எழுத்துக்குள். எங்களிடம் மாட்டியது இரண்டு வருடமாக யாருமே திறக்காத ஒரு ரிப்போர்ட்.

ஒரு வாசகர்